பெத்லகேமுக்கு வந்த கறுப்புத் தளபதி

காட்டாங்குளத்தூர் விளையாட்டரங்கில் என் மகள் மல்லாக்க விழுந்தாள். சிலாட் போட்டி, மலாய்க்காரர்களின் சண்டைக்கலை. எழுந்தாள், சிரித்தாள், ஜெயித்தும்விட்டாள். எனக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்றாம். போக வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவோடு அவளுடைய கறுப்பு உடையை வாளியில் முக்கினேன். சாயம் இறங்கி வாசனை மூக்கில் ஏறியதும் சொல்ல வந்தது மறந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வாசனைக்குப் பெயர் பங்லிமா ஹித்தாம். கறுப்புத் தளபதி என்று அர்த்தம். மலேயாவின் ஈப்போவில் கணக்கெழுதிவிட்டுத் திரும்பிய என் சித்தப்பா கொண்டுவந்த கதை. மலாய் அரசவையில் இருந்த வீரன், மந்திரவாதியும்கூட. உச்சியிலிருந்து பாதம்வரை கறுப்பு. அவன்மேல் கத்தி பட்டால் கத்திக்குத்தான் வலிக்கும். கோபம் வந்தால் புலி. அரண்மனைக் கூரையிலிருந்து குதித்தால் ஒரு கோழிகூட விழிக்காது. இதையெல்லாம் சித்தப்பா, தேவாலயத்தில் சாட்சி சொல்கிற குரலில் சொல்வார்.

நான் சிறுமியாக இருந்த அந்த வருடம் ஊரப்பாக்கத்தில் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகம் அவர் கைக்கு வந்தது. இயேசுவைப் பார்க்க சாஸ்திரிகள் கிழக்கிலிருந்துதானே வந்தார்கள், மலேயாவும் கிழக்குதானே என்றார். போதகர் யோசித்துவிட்டு, சாம்பிராணிகூட அந்தப் பக்கத்துச் சரக்குதான் என்று ஒப்புக்கொண்டார். எங்கள் நாடகங்களில் கறுப்பு சாத்தானுக்கு உரியது என்பதால் முதலில் பையன்கள் ஒதுங்க, தளபதி வேஷம் எனக்கு வந்தது. சித்தி பழைய பாவாடையில் சாயம் முக்கித் தந்தாள்.

ஒரே சிக்கல், கூரைக் காட்சி. அடுக்கிய பெஞ்சுகளின் மேலிருந்து குதிக்க வேண்டும். ஒத்திகையில் ஒருநாளும் நான் குதிக்கவில்லை. புலியாகக் கர்ஜிக்கலாம் என்று தெரிந்ததிலிருந்து, ஏரோது ராஜாவாக நடித்த ஜெபா என் வேஷத்துக்காகக் காத்திருந்தான்.

"இன்னா, புலி பம்முது? எறங்கு. நான் ரெண்டு வேஷமும் போட்டுக்கிறேன்."

நாடகத்தன்று சித்தப்பா என் காதருகே வந்து, "மந்திரம் போட்டாச்சு. குதி" என்றார்.

வெளிச்சமெல்லாம் ஏரோதின்மேல். கீழே ஒரே இருட்டு. குதித்தேன். நம்புங்கள், வலிக்கவே இல்லை. கர்ஜித்தேன். ஜெபா கிரீடத்தைப் போட்டுவிட்டு நிஜமாகவே ஓடினான். கைதட்டல் அடங்குவதற்குள், குடிலிலிருந்து மரியாள் எழுந்து வேதத்தில் இல்லாத ஒரு வசனம் பேசினாள்.

"யாரு வைக்கோல எடுத்தது? பாப்பா வெறுந்தரையில கீது."

குனிந்து பார்த்தேன். பெத்லகேம் தொழுவத்தின் வைக்கோல் முழுக்க என் காலடியில் குவிந்திருந்தது. திரையோரம் சித்தப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் துரும்பு.

மகளிடம் போகாதே என்று இன்னும் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் வராது. அன்றைய வைக்கோல் எங்கள் ஊர் வரதன் அண்ணா வீட்டு வயலிலிருந்து வந்தது. அவர் இப்போது ஜிஎஸ்டி சாலையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். நேற்று பல்பு வாங்கப் போனவள், ஒரு கட்டு வைக்கோல் கிடைக்குமா என்று கேட்டேவிட்டேன்.

அவர் கடைக்குப் பின்னால், வயல் இருந்த இடத்தில் நிற்கும் அடுக்குமாடிகளை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"ஆன்லைன்ல போட்டுப் பாரும்மா" என்றார்.