தொண்ணூற்றிரண்டு கிலோவுக்கு ஒரு வண்டி

1991 என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்த மே மாதத்தைத்தான் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அதே வருஷம், மழைக்கு முன்னால், நான் ஒரு ரேஸ் வண்டி தேர்ந்தெடுத்தேன். அதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானாகவே சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சுங்குவார்சத்திரத்தில் ரோட்டை ஒட்டி, லாரியும் டிராக்டரும் பழுது பார்க்கும் ஷெட்டில் ஃபிட்டர். எங்கள் முதலாளி தொண்ணூற்றிரண்டு கிலோ எடை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் தடம் வந்ததிலிருந்து மனுஷனுக்குக் கார்ட் பைத்தியம் பிடித்திருந்தது. கார்ட் என்றால் கூரை கிடையாது, கதவு கிடையாது, ஸ்பிரிங்கூடக் கிடையாது. குழாயை வளைத்துப் பற்றவைத்த ஒரு சேஸி, நாலு சின்னச் சக்கரம், பக்கவாட்டில் ஒரு எஞ்சின். உட்கார்ந்தால் தரைக்கும் நமக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளிதான்.

முதலாளியின் மனைவிக்கு ஒரு தம்பி, சென்னையில் இருந்தார்; முதலாளிக்கு மச்சான் என்பதால் ஷெட்டில் எல்லாருக்குமே அவர் மச்சான்தான். ஒல்லியான ஆள், ஐம்பத்தைந்து கிலோ தேறமாட்டார். இத்தாலி கார்ட் ஒன்று வைத்திருந்தார், ஓட்டவும் தெரிந்தவர். அவருடைய வண்டியை இரவல் வாங்கித்தான் முதலாளி இரண்டு பந்தயத்தில் ஓடினார். இரண்டிலும் கடைசி. முதலில் வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி டீ குடித்து முடித்த பிறகுதான் இவர் வந்து சேர்ந்தார். லாரி டிரைவர்கள் ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் அதையே கேட்டார்கள். "இன்னா மொதலாளி, ரேஸ் முடிஞ்சுதா, இன்னும் ஓட்டிகினுதான் கீறீங்களா?" அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அப்புறம் உள்ளே போய் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். எனக்கு அது பொறுக்கவே இல்லை.

"சொந்த வண்டி ஒண்ணு வாங்கறேன்டா. அதுலயும் கடைசின்னா ஹெல்மெட்ட தூக்கிக் கடாசிட்டு வூட்ல உக்காந்துக்குவேன்," என்றார் ஒருநாள்.

பார்த்து முடிவுசெய்ய ஒரு வாரம் என்று இரண்டு கார்ட்கள் ஷெட்டுக்கு வந்தன. ஒன்று, மச்சானுடையது போலவே இத்தாலி. யாரோ ஓட்டிய பழசு, ஆனால் சிவப்புப் பெயின்ட்டும் பளபள ஸ்டிக்கருமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. இன்னொன்று கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் செய்தது. தடித்த குழாய், சாம்பல் நிறம், பெயரைக் கையாலேயே எழுதியிருந்தார்கள். பந்தய விதிப்படி எல்லாருக்கும் ஒரே ரக எஞ்சின்தான். ஆக, தேர்வு முழுக்க சேஸியைப் பொறுத்தது.

வந்தவன் போனவன் எல்லாம் இத்தாலி வண்டியின் முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "பூ மாதிரி கீது" என்றான். கோயம்புத்தூர் வண்டியைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. "இது கார்ட்டா, இரும்புக் கட்டிலா?" என்றார் மச்சான்.

எனக்கு எப்போதும் வாய் அடங்காது. "பந்தயத்துல வண்டியத் தூக்கிகினு ஓடப் போறதில்லையே சார்," என்றேன். மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரேஸைப் பத்தி உனக்கு இன்னாப்பா தெரியும்?" உண்மையில் ஒன்றும் தெரியாது. வண்டியைப் பற்றித் தெரியும்.

டிராக்டர் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்றும். அதற்கென்று நடுவில் பல்சக்கரக் கூண்டு இருக்கிறது. கார்ட்டில் அது இல்லை. பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் இறுகிச் சேர்ந்து சுற்றுகின்றன. அப்படியிருந்தும் எப்படித் திரும்புகிறது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒடித்ததும் சேஸி முறுக்கிக்கொண்டு, உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து மயிரிழை தூக்கிவிடுகிறது. தூக்கினால் வண்டி வளையும், தூக்காவிட்டால் நேராகவே போகும். அந்தத் தூக்கல், உட்காருகிறவரின் எடையைப் பொறுத்தது; கனத்த ஆள் உட்கார்ந்தால் மெல்லிய குழாய் தொய்ந்துவிடும், சக்கரம் எழும்பாது.

முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து எழுபத்தைந்து கிலோ நெல் மூட்டை ஒன்றை வாங்கி வந்து இத்தாலி வண்டியின் சீட்டில் வைத்தேன். மிச்சம் பதினேழு கிலோவுக்குப் புண்ணாக்கு. ஸ்டியரிங்கை ஒடித்து, உள்பக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் தினத்தாள் ஒன்றை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. மூட்டையைக் கோயம்புத்தூர் வண்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது முதலாளி திரும்பி வந்துவிட்டார்.

"இன்னாடா இது?"

"நீங்கதான் மொதலாளி," என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து போன பிறகுதான் உறைத்தது.

"நானா? நெல்லு மூட்டையா?" முகம் சிவந்துவிட்டது. "அந்தத் தலைமாட்டுல கீறது இன்னா?"

"புண்ணாக்கு," என்றேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

வேலை போனது என்றே நினைத்தேன். ஆனால் அவர் தினத்தாளைக் கையில் எடுத்தார். விளக்கம் முழுதும் கேட்டார். பிறகு மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு, தானே இத்தாலி வண்டியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒடித்தார். தாள் நுழையவில்லை. கோயம்புத்தூர் வண்டியில் உட்கார்ந்து ஒடித்தார். தாள் சக்கரத்துக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் வந்தது. நாலு தடவை என்னைச் செய்யச் சொன்னார். "மச்சான் சிரிப்பான்டா," என்று மட்டும் சொன்னார். சாம்பல் வண்டியை வாங்கினார்.

பந்தயத்தன்று பன்னிரண்டு வண்டிகள். முதலாளிக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. தோற்றால் அவர் இனி வண்டியில் உட்காரமாட்டார், காரணம் நானாக இருப்பேன். நேர்பாதையில் எல்லாரும் அவரை விட்டுவிட்டுத்தான் போனார்கள். முதல் வளைவில் பார்த்தேன், அந்த உள்பக்கச் சக்கரம் மெல்ல எழும்பியது. வண்டி கோடு போட்டது போல வளைந்தது. இரண்டாவது சுற்றில் ஒருவரைத் தாண்டினார். நாலாவது சுற்றில் இன்னும் இரண்டு பேர், அதற்கப்புறமும் வளைவுக்கு வளைவு ஆளைப் பிடித்துக்கொண்டே போனார். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டி மூன்று நாள் பேச்சு வரவில்லை.

மச்சான்தான் முதலில் வந்தார். அவர் எடைக்கு அந்த இத்தாலி வண்டி அருமையான வண்டி, நான் எங்கேயும் மறுக்கமாட்டேன். எங்கள் முதலாளி ஆறாவது. அவருக்குப் பின்னால் ஆறு பேர் வந்தார்கள், ஆறு பேரையும் நான் விரல்விட்டு எண்ணினேன். மச்சான் ஓடிவந்து, "மாமா, வண்டியா அது, சூப்பரா திரும்புது!" என்று கட்டிக்கொண்டார். முதலாளி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே அழுதுகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாடா. நீ பாத்து எடுத்த வண்டி."

அதுவரை நான் எந்தக் கார்ட்டையும் ஓட்டியதில்லை. என் எடை ஐம்பத்திரண்டு கிலோ. முதல் வளைவிலேயே சக்கரம் எகிறி எகிறிக் குதித்தது. இரண்டாவது வளைவில் பின்பக்கம் வழுக்கி, வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புல்லில் போய் நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

முதலாளி மூச்சு வாங்க ஓடிவந்தார். "அடி கிடி பட்டுச்சா? இன்னாடா ஆச்சு வண்டிக்கு?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆவல மொதலாளி. இது எனக்கு ஆவாத வண்டி," என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கர்வத்தோடு நான் எதையும் சொன்னதில்லை.