மக்கீன் நானா தம் போட்ட பெட்டி

இடது கையில் கட்டு, வலது கையில் கத்தி. அந்த நிலையில் மக்கீன் நானா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனிகளால் வெங்காயத்தைப் பிடித்து, பலகையைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே மேடு ஏறும் பஸ்ஸைப் பார்த்தபடி வெட்டினார். பேசினில் குவிந்திருந்த வெங்காயம் ஒரு கலியாண வீட்டுக்குப் போதும்.

"யாருக்கு நானா இவ்வளவும்?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். ராவைக்கு ஒரு முட்டை பொரிச்சுக்கொள்ள."

அவரைப் பார்த்துக்கொள்ள அம்பிட்டிய வீட்டுக்கு நான் போன முதல் நாள் அது. கத்தியை வாங்கிக் கழுவி வைத்துவிட்டுக் கட்டைப் பிரித்தேன். தீப்புண்ணின் மேல் பற்பசை.

"கை வெந்தா தண்ணியில பிடிக்கணும் நானா. பற்பசை பல்லுக்கு."

"குளிர்ச்சியா ஈந்திச்சு."

"குளிர்ச்சியா இருக்கும். புண்ணு பழுக்கும்."

பராமரிப்புப் பயிற்சியில் இதையெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்க எழுபத்துநாலு வயதுவரை யாரும் வரவில்லை.

மக்கீன் நானா கலியாண வீட்டுக் கோக்கி. கண்டியைச் சுற்றி எந்த முஸ்லிம் வீட்டில் கலியாணம் என்றாலும் முதலில் மண்டபத்தைப் பேசுவார்கள், அடுத்து மக்கீன் நானாவைப் பேசுவார்கள். சில வீடுகளில் மாப்பிள்ளையைப் பேசுவதே அதற்குப் பிறகுதான் என்று அவர் சொல்லுவார். இருநூறு பேருக்கு, முந்நூறு பேருக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சமைப்பார். ஒருவருக்குச் சமைக்க அவருக்குத் தெரியாது. உப்பு என்றால் கைநிறைய, நெய் என்றால் டின் நிறைய. மனைவி இருந்தவரை அவர் வீட்டு அடுப்பைத் தொட்டதில்லை. மனைவி போன பிறகு, தனக்கென்று ஒரு நாள் சோறாக்குவார், அந்தத் தெரு முழுக்க மூன்று நாள் சாப்பிடும்.

கை நடுங்கத் தொடங்கியதும் பெரிய சமையலை விட்டுவிட்டார். ஆனால் வீட்டுக்கு ஆள் வருவது நிற்கவில்லை. "நானா, நூறு பேருக்கு எத்தன கிலோ இறைச்சி? தயிர் எப்ப ஊத்துற?" என்று வாசலில் வந்து நிற்பார்கள். நானா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருபது வருடத்துக்கு முந்திய கலியாணத்தில் யார் சோற்றைக் குழைத்தது என்பதிலிருந்து தொடங்குவார். அதுதான் அவருடைய நாள்.

பிறகு ஒரு நாள் கேஸ் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி சரிந்தது. கையும் ஜன்னல் சீலையும் எரிந்தன. சீலையைக் கழற்றி ஒளித்தார். கையைத் துணியால் சுற்றி ஒளித்தார். தெஹிவளையில் இருக்கும் மகள் அம்னா போன் எடுத்தபோதெல்லாம் "சொகமா ஈக்கிறேன்" என்றார். பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அம்னாவுக்குத் தெரிந்தது. அவள் வந்து என்னை வேலைக்கு வைத்தாள். வாப்பாவுக்கு ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

"கேஸை இனித் தொடக் கூடாது வாப்பா. ஒரு மைக்ரோவேவ் வாங்குங்க. அடுத்த மாசம் கடைசி ஞாயிறு நாங்க பகல் சாப்பாட்டுக்கு வாறம். நெருப்பில்லாம நீங்களே சமைச்சுத் தரணும். ஏலாட்டி அன்டைக்கே எங்களோட தெஹிவளைக்கு."

தெஹிவளை வீடு மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல். "அங்க என்னை ஆருக்குத் தெரியும்? அம்னாட வாப்பான்னுதான் சொல்லுவாங்க" என்றார் நானா. அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தரம்தான். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு "வாங்க பாலம்மா, பெட்டி பாக்கப் போவோம்" என்றார்.

டவுனில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். நிரோஷன் என்று ஒரு விற்பனையாளர், நல்ல வாய். எங்களை நேராக ஆகப் பெரிய பெட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அதில் கோழி சுடலாம், கேக் போடலாம், பீட்சா செய்யலாம், தயிர் உறைய வைக்கலாம். முகப்பு முழுக்கத் தொடுகிற பொத்தான்கள்.

நானா கதவைத் திறந்து முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"இதுல எத்தன பேருக்குச் சோறாக்கலாம்?"

"ஒரு குடும்பத்துக்கு தாராளமாப் போதும் நானா."

"ஒரு ஆட்டுத் தொடை போகாதே."

"யாரு நானா ஆட்டுத் தொடையை முழுசா மைக்ரோவேவ்ல வைக்கிறா?"

"அப்ப இதுக்குள்ள என்னத்தத்தான் வைக்கிற?"

நிரோஷன் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துச் சுட வைத்துக் காட்டினார். ஆவி பறந்தது. நானா கோப்பையைப் பார்த்தார், நிரோஷனைப் பார்த்தார்.

"மகன், தண்ணி கொதிக்க வெச்சுக் காட்டியா வேலைக்கு ஆள் எடுப்பாங்க? எனக்கிட்ட வந்திருந்தா உங்களை வெங்காயம் உரிக்கத்தான் போட்டிருப்பேன்."

நான் இடையில் புகுந்தேன். நடுங்குகிற விரலுக்குத் தொடுபொத்தான் சரிவராது. ஒன்றைத் தொட்டால் மூன்று பதில் சொல்லும். திருகுகிற குமிழ் வேண்டும், இரண்டே இரண்டு. ஒன்று சூட்டுக்கு, மற்றது நேரத்துக்கு. கதவு இழுத்துத் திறப்பதாக இருக்க வேண்டும். உள்ளே சுழலும் கண்ணாடித் தட்டு, வீட்டில் இருக்கிற பாத்திரம் இடிக்காமல் சுழலும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். அதற்காக வீட்டிலிருந்தே சூடு தாங்கும் மூடி போட்ட கண்ணாடிச் சட்டியைப் பையில் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் வைத்துச் சுழற்றிப் பார்த்தேன்.

"அம்மா, கார் வாங்கப் போனா குடும்பத்தையே ஏத்திப் பார்ப்பீங்க போல" என்றார் நிரோஷன்.

"பார்க்காம வாங்கினா நடந்துதான் வரணும்" என்றேன்.

கேக் போடாத, கோழி சுடாத, ஆக எளிய பெட்டி ஒன்றை வாங்கினோம். நிரோஷனுக்கு முகம் வாடிவிட்டது. வீட்டில் அதை இடுப்பு உயரத்து மேசையில் வைத்தேன். தலைக்கு மேல் தட்டில் வைத்தால் கொதிக்கிற கறி ஒரு நாள் முகத்தில்தான் இறங்கும். பின்னால் காற்றுப் போக இடம் விட்டேன். நீட்டு வயர் கூடாது என்று சொல்லி, மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுச் சுவரில் தனிப் பிளக் போடுவித்தேன்.

பழக்குவதுதான் பாடு. ஒரு பாத்திரத்தை வைத்துக் குமிழைத் திருப்பிய கையோடு நானா கதவைத் திறந்து மூக்கை உள்ளே விடுவார்.

"வாசம் வரல்ல."

"இப்பதானே வச்சீங்க?"

"வாசம் வராம வெந்திச்சா இல்லையான்னு எப்பிடித் தெரியிற?"

"மணி அடிக்கும்."

"மணி அடிச்சா பள்ளிக்கூடம் விடும் பாலம்மா. சோறு வேகாது."

ஆனாலும் அவர் கோக்கி. கொஞ்ச நாளில் பிடித்துக்கொண்டார். வெங்காயத்தை நெய்யில் புரட்டி வைத்து, நடுவில் எடுத்துக் கிளறி, மறுபடி வைத்துப் பொன்னிறமாக்கினார். கோழியைச் சின்னத் துண்டாக்கி, தயிரும் தூளும் பிசைந்து ஊறவிட்டு, மூன்று தவணையாக வேகவிட்டு ஒரு கறி வைத்தார். நான் அதை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். சோறுதான் சண்டை.

"மூடியை இறுக்காதீங்க. ஒரு பக்கம் கொஞ்சம் திறந்து வைங்க, ஆவி போகட்டும்" என்பேன்.

"ஆவி போனா அது நெய்ச்சோறில்ல, ஆஸ்பத்திரிக் கஞ்சி."

"ஆவி போகாட்டிப் பாத்திரம் போயிரும்."

"நாப்பது வருசம் தம் போட்டீக்கிறேன். ஒரு பானை எங்கேயும் போகல்ல."

கலியாணச் சமையலில் சோறு முக்கால் பதம் வந்ததும் பானையை மூடி, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டி அடைத்து, மேலே பாரம் வைத்து, தணலில் விடுவார்கள். ஒரு துளி ஆவி கசிந்தாலும் கோக்கிக்கு மானக்கேடு. அடுத்த ஊர்க் கோக்கியின் பானையில் ஆவி கசிந்த கதைகள் நானாவிடம் ஏராளம். அவரிடம்தான் நான் மூடியைத் திறந்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு தரமும் சொன்னபடியே செய்தார். சோறும் நன்றாகவே வந்தது. அவர் மட்டும் தட்டைப் பார்த்து "ம்" என்பார்.

அந்த ஞாயிறு வந்தது. கோழிக்கறி முடிந்து மேசையில் இருந்தது. கடைசியாக நெய்ச்சோறு, அதுவும் முக்கால் பதம் வந்திருந்தது.

"பாலம்மா, பின்னால பெய்த்து வாசத்துக்கு ரெண்டு ரம்பை இலை ஒடிச்சிட்டு வாங்க" என்றார்.

நான் போனேன். ரம்பைப் புதர் வளவின் அடியில், சரிவில் இருக்கிறது. என் முழங்காலுக்கு அது சின்ன வேலை இல்லை. இலையை ஒடித்து நிமிர்ந்தபோது சமையலறையில் 'டமார்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து கண்ணாடி விழுந்து நொறுங்குகிற சத்தம்.

ஓடினேன் என்று சொல்ல முடியாது. ஏறினேன்.

பெட்டியின் கதவு பிளந்து தொங்கியது. நெய்ச்சோறு கூரைத் தகட்டில் ஒட்டியிருந்தது, சுவர்க் கடிகாரத்தில் ஒட்டியிருந்தது, குளிர்சாதனப் பெட்டியின் மேல் மழை பெய்த மாதிரி கிடந்தது. நானா எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்றார். முதலில் அவர் கண், முகம், கை, கால் எல்லாம் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சுவர்ப் பிளக்கைப் பார்த்தேன். நிறுத்தியிருந்தது.

"யாரு நிப்பாட்டினது?"

"நான்தான். நிப்பாட்டிட்டு இங்க வந்து நின்டுக்கொண்டேன். கிட்டப் போகல்ல."

தரையில் உடைந்த சட்டி மூடியின் ஓரத்தில் காய்ந்து கல்லான மாவு ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஏலக்காய் இடிக்கிற சின்ன உரல் கல்.

"நானா, தம் போட்டீங்களா?"

"மகள் வாறா. ஒழுங்கான சோறு குடுக்கணும்னு நெனச்சேன்."

"அந்தக் கல்லு?"

"இரும்பு வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? அது கல்லு."

மா கூடாது, கல் கூடாது என்று நான் சொல்லவில்லைதான். உலகத்தில் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

கூட்டுமாறை எடுத்தேன். அம்னா வருவதற்குள் கூரையைத் துடைக்க ஏலாது, பெட்டிக் கதவைக் கட்டிவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாமா என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் போனை எடுத்தார்.

"மகள், எங்க வந்துட்டீங்க?"

"கடுகண்ணாவை ஏத்தத்தில வாப்பா. ஏன்?" ஒலி கூடுதலாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"வாற வழியில ரெண்டு பாண் வாங்கிட்டு வாங்க."

"பாணா? சோறு என்ன?"

"சோறு கூரையில ஈக்கிது."

காரை ஓட்டிக்கொண்டிருந்த மருமகன் ருஷ்தியின் குரல் கேட்டது. "மாமா, உங்களுக்கு ஒண்டுமில்லையே?"

"எனக்கு ஒண்டுமில்ல. பெட்டி மவுத்து."

முழுக்கதையையும் சொன்னார். மா, கல், நான் இலை ஒடிக்கப் போன நேரம் பார்த்துச் செய்தது, எதையும் விடவில்லை. போனை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்த் துணிகளை மடித்துக் கட்டிலில் அடுக்கத் தொடங்கினார். நான் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினேன்.

அம்னா வந்ததும் கூரையைப் பார்த்தாள், வாப்பாவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கட்டிலில் இருந்த துணிகளைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு வந்தாள். பாணைப் பிய்த்துக் கோழிக்கறியில் தொட்டுச் சாப்பிட்டோம். ருஷ்தி மூன்றாம் தரம் கறி போட்டான்.

"இது எதுல வெச்ச மாமா?"

"அந்தப் பெட்டியிலதான். அது உயிரோட ஈக்கக்குள்ள."

"அம்னா, நெருப்பில்லாமச் சமைக்கணும்னுதானே சொன்னீங்க? கறி சமையல்தானே?"

"நீங்க சும்மா இரிங்க. உங்களுக்கு வயிறு நெறஞ்சா தீர்ப்பு மாறிரும்" என்றாள் அம்னா. பிறகு வாப்பாவைப் பார்த்தாள். "கை எரிஞ்ச நேரம் எனக்கிட்ட மறைச்சீங்க. இன்டைக்கு நான் வர முந்தியே சொல்லிட்டீங்க. ஏன்?"

நானா பாண் துண்டால் தட்டை வழித்துக்கொண்டே சொன்னார். "மறைக்கிறதுக்குக் கூரையில ஒரு சீலையும் ஈக்கல்லையே மகள்."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்காகச் சொன்னாள். "கரண்ட நிப்பாட்டி இருக்கிறீங்க. தள்ளி நின்டிருக்கிறீங்க. போன் எடுத்திருக்கிறீங்க. எனக்கு அதுதான் வேணும். சோறு எக்கேடும் கெடட்டும். இங்கேயே இரிங்க. ஆனா கேஸ் இந்த வீட்டில இருக்காது. கோதுமை மாவும் இருக்காது."

"மா இல்லாம ரொட்டி?"

"கடையில வாங்குங்க."

"பாலம்மா, பாத்தீங்களா? துப்பாக்கியப் பறிக்கிற மாதிரி மாவப் பறிக்கிறா."

"சரியாத்தான் செய்றாங்க" என்றேன்.

அம்னாவும் ருஷ்தியும் அன்று இரவு அங்கேயே தங்கினார்கள். மறுநாள் காலை ருஷ்தி கதிரையில் ஏறி நின்று, தோசை திருப்பும் கரண்டியால் கூரையைச் சுரண்டினான். நானா கீழே நின்று, "அந்த மூலையில இன்னும் ரெண்டு பருக்கை" என்று வேலை வாங்கினார். அம்னா கேஸ் சிலிண்டரை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கடைக்குத் திருப்பி அனுப்பினாள். மாப் பையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். நான் கட்டிலில் இருந்த துணிகளை அலுமாரியில் திரும்ப அடுக்கி, வாளித் தண்ணீரில் சோடா போட்டு நெய்ப்பிசுக்கைத் துடைத்தேன். வேலை முடிந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோருமாகப் புதிய பெட்டி வாங்க டவுனுக்குப் போனோம்.