அமிலத்தில் கொதிக்காத குச்சி

எண்பத்திரண்டு சதவீதம். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குடுவையில் அந்த வேதியியலாளர் எடுத்த விளைச்சல் அது. உலோக வினையூக்கி எதுவுமே இல்லாமல் இரண்டு கரிம வளையங்களை இணைத்துக் காட்டிய வினை. அந்த ஒரே கட்டுரைதான் அவரைப் பேராசிரியராக்கி, கடைசியில் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலியில் உட்கார வைத்தது. முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் அவரை ‘எண்பத்திரண்டு’ என்றே சொல்வார்கள்.

இந்த ஆண்டு வேறொரு ஆய்வுக்குழு அதே வினையைப் பதினாறு முறை செய்து பார்த்தது. விளைச்சல் பூஜ்யம். செய்து காட்டுங்கள், இல்லையேல் கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று இதழாசிரியர் ஆறு வாரக் கெடு வைத்தார்.

பதினோரு ஆண்டுகளாகக் கோப்புகளில் கையெழுத்து மட்டுமே போட்ட கை, மறுபடி குடுவையைப் பிடித்தது. புதுக் குடுவை, புதுக் கரைப்பான், உள்ளே சுழன்று கலக்கும் வெள்ளைக் காந்தக் குச்சியும் புதிது. ஐந்து வாரம் போயிற்று. ஒன்றும் தேறவில்லை.

“பொய்யா எழுதிட்டேன் நான்?” என்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார் இயக்குநர்.

“முப்பது வருஷமா என் சமையலைப் பத்திக்கூட ஒரு பொய் சொன்னதில்லை நீங்க,” என்றார் மனைவி. இயக்குநருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறாம் வாரம், ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா ஒரு துருப்பிடித்த டப்பாவை நீட்டினார். “உங்களோடதுதான் சார். தூக்கிப் போட மனசு வரலை.” உள்ளே அன்று அவர் பயன்படுத்திய பழைய காந்தக் குச்சி. நுனியில் கறுப்புக் கறை.

அதைப் போட்டார். மாலைக்குள் எழுபத்தொன்பது சதவீதம்!

“அக்கா, என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க!”

இயக்குநருடைய முதல் மாணவி, இப்போது அதே நிறுவனத்தில் பேராசிரியை, கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், இதை அமிலத்துல கொதிக்க வச்சுட்டு மறுபடி போடுங்க.”

“இப்ப எதுக்கும்மா வேண்டாத வேலை?”

“என் டாக்டர் பட்டமும் இது மேலதான் நிக்குது. அதனாலதான் சொல்றேன்.”

மறுநாள், கொதித்து வெளுத்த குச்சியோடு, பூஜ்யம்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் பொதுப் பெட்டியிலிருந்து எடுத்த குச்சி அது. யாரோ செய்த வேறு வினையின் பல்லேடியம் என்ற உலோக வினையூக்கி அதன் மேலுறையில் ஊறிக் கிடந்து வேலை செய்திருக்கிறது. குடுவைகளை எல்லாம் அமிலத்தில் கொதிக்க வைத்தவர், குச்சியை வெறுமனே அலசிப் போட்டிருந்தார்.

இப்போது கறையும் இல்லை, சாட்சியும் இல்லை. குறிப்பேட்டில் எழுபத்தொன்பது மட்டும் பளிச்சென்று இருந்தது. அதை அனுப்பிவிட்டு வாய் மூடினால் போதும். விஷயம் தெரிந்தவர்கள் அவர், மாணவி, அக்கா என மூன்றே பேர். மூன்று நாள் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

நான்காம் நாள் மாணவி அறைக்கு வந்தார். இயக்குநர் நிமிராமலே கேட்டார்: “உன் பட்டம் போயிடுமேம்மா?”

“போகலாம் சார்.”

“நடந்ததை இதழுக்கு எழுதட்டுமா?”

“எழுதுங்க.”

கட்டுரை அடுத்த இதழில் திரும்பப் பெறப்படுகிறது. இயக்குநர் பதவிக்கான விண்ணப்பங்கள் இம்மாதம் முப்பதாம் தேதி வரை ஏற்கப்படும்.