கலர்காரரை யாரும் கேட்கவில்லை

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் பட்டறைப் பக்கம் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்றுதான் பதில் வரும். ஷேடு என்று கேட்டால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். கார்களுக்குப் பெயின்ட் அடிப்பது தொழில். அடிப்பதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். நசுங்கிய கதவுக்கு மட்டும் அடித்து, வண்டியின் மற்ற இடத்தோடு ஷேடு வித்தியாசம் தெரியாமல் சேர்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும். வெயிலில் நின்று நின்று ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு விதமாக வெளுத்திருக்கும். கம்பெனி டப்பாவில் இருக்கிற சிவப்பும் அஞ்சாறு வருஷம் ஓடிய வண்டியின் சிவப்பும் ஒன்றே இல்லை.

ஷேடு என்ன செய்வார் என்றால், வண்டியில் பெட்ரோல் ஊற்றுகிற இடத்து மூடியை முதலில் கழற்றிக்கொள்வார். டப்பாவில் கலரைக் கலக்குவார். கலக்கிய குச்சியை எடுத்து மூடியோடு ஒட்டிப் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்கு வந்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு உள்ளே போய் ஒரு சொட்டு கறுப்போ அரைச் சொட்டு மஞ்சளோ விடுவார். மறுபடி வாசல். பெரிய பெரிய கடைகளில் கம்ப்யூட்டர் வைத்துக் கலக்குகிறார்களாமே என்று யாராவது சொன்னால், அந்தக் கம்ப்யூட்டருக்கு ஜலதோஷம் பிடித்தால் என்கிட்ட அனுப்பு என்பார். அந்தக் கண் ஒன்றுதான் அவருடைய சொத்து. அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமையும் உண்டு.

பட்டறையில் கூட்டாளி அவர் மனைவியின் அண்ணன். நசுங்கல் நிமிர்த்துகிற டிங்கர் வேலை. நாள் பூராவும் சுத்தியல் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர் என்பதால், ரகசியம் சொன்னாலும் ரெண்டு தெருவுக்குக் கேட்கும். ஷேடு அவரை மச்சான் என்பார், அவர் இவரை மாப்பிள்ளை என்பார். இருபது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டே ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டவர்கள்.

இருமல் வந்தபோது எல்லாரும் பெயின்ட் மேல்தான் பழியைப் போட்டார்கள். இத்தனை வருஷம் அந்தப் புகையைக் குடித்தால் இருமாமல் என்ன செய்யும் என்று மச்சானே சொன்னார். ராத்திரி வேர்த்துக் கொட்டியது, சட்டை தொளதொளவென்று ஆனது, சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஒரு வாரம் கெஞ்சிப் பார்த்தாள். பிறகு கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, வேலைக்கு லீவு போட்டு, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சளியைச் சோதித்தார்கள். காசநோய்.

மருந்து கொடுக்கிற நர்ஸம்மா பொறுமைசாலி. மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினார். ஒரே மாத்திரைக்குள் நாலு மருந்து இருக்கிறது. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குத் தப்பிக்கப் பழகிக்கொள்ளும், நாலும் சேர்ந்து சுற்றி வளைத்தால்தான் ஒழியும். காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். ஒரு நாளும் விடக்கூடாது, உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தவும் கூடாது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், வேர்வையும் கண்ணீரும்கூட அப்படி ஆகலாம், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ, கால் மரத்தாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பு பச்சை வித்தியாசம் குழம்பினாலோ, அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும்.

“நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா மறைக்காதீங்க. எந்த மருந்து ஒத்துக்கலைன்னு பாத்து அதை மட்டும் மாத்த வழியிருக்கு” என்றார்.

ஷேடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சிவப்பு பச்சை என்றபோது மட்டும் சிரித்துவிட்டார். நர்ஸம்மா ஏன் என்று கேட்டார். அவர் என்ன வேலை செய்கிறார் என்று மனைவி சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே.

முதல் இரண்டு மாதம் படாத பாடுதான். மாத்திரை போட்டால் குமட்டும். மனைவி எதிரில் நின்று, வாயைத் திறந்து காட்டச் சொல்லி, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் நகர்வாள். எனக்கு என்ன அஞ்சு வயசா என்று இவர் எரிந்து விழுவார். ஆனால் மருந்து வேலை செய்தது. இருமல் அடங்கியது, பசி எடுத்தது, சட்டை உடம்புக்குப் பொருந்தியது. சளியில் கிருமி இல்லை என்றார்கள். நாலில் ஒரு மருந்தைக் குறைத்து, மீதி மூன்றையும் சேர்த்த மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். ஷேடு பட்டறைக்குத் திரும்பினார்.

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். கலர் கலக்கலாம், ஸ்பிரே அடிக்கக் கூடாது. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. அதனால் இவர் கலக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார், மச்சான் ஸ்பிரே அடிப்பார். காலையில் வந்து பார்த்தால் வண்டி பளபளவென்று நிற்கும். ஆள் வந்து எடுத்துப் போவார்.

கண்ணில் என்னவோ சரியில்லை என்று அவருக்கே ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. சிவப்பெல்லாம் சாயம் போன மாதிரி இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று பட்டறையில் பல்பை மாற்றினார். மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டு வந்தார், பையில் பாதிக்கு மேல் பச்சைக்காய். ஊறுகாய் போடவா வாங்கினீங்க என்று மனைவி சிரித்தாள். சிரித்துவிட்டு, உடம்பு அசதி, கவனம் இல்லை என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு காய்கறி வாங்க அவளே போனாள்.

சந்தேகத்தை அவர் தன் வழியில் சோதித்துப் பார்த்தார். கலர் தப்பினால் வண்டிக்காரன் சும்மா விடுவானா? வாசலிலேயே கத்துவான். ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லை. வேலை சுத்தம் என்றுதான் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போது கண்ணுக்கு ஒன்றுமில்லை, வயசாகிறது, அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மாதா மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒவ்வொன்றாகக் கேட்பார். வாந்தி உண்டா, கால் மரக்கிறதா. கடைசியில் கலர் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டையை எடுப்பார். இவரைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். “கலர்காரர்கிட்ட போய் கலர் கேக்கறதா? கண்ணு நல்லாருக்கு இல்ல?” என்பார். நல்லாருக்கும்மா, நேற்றுகூட ஒரு நீல வண்டி முடித்துக் கொடுத்தேன் என்பார் ஷேடு. அட்டை மேஜைக்குள் போய்விடும். வெளியே நீளமான வரிசை காத்திருக்கும். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருத்தர்கூட இல்லை. இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது தடவையும் அட்டை அப்படியே உள்ளே போன அந்த மாதத்தில், மச்சானின் மகளுக்கு வெளியூரில் பிரசவம். அவர் கிளம்பிப் போனார். போகும்போது, நான் வருகிற வரைக்கும் எந்த வண்டியையும் தொடாதே மாப்பிள்ளை என்று ரெண்டு மூன்று தடவை சொன்னார். ஸ்பிரே புகைக்காகச் சொல்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாளே டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மா சிவப்பு வண்டியோடு வந்து நின்றார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முட்டாத சுவரில்லை என்பதால் மாதம் ஒரு முறை அந்த வண்டி வந்துவிடும். பட்டறைக்குச் சோறு போடுகிற வண்டி என்று மச்சான் கேலி செய்வார். இந்தத் தடவை நசுங்கல் இல்லை, பின் கதவில் நீளமாக ஒரு கீறல். அவசரம் என்றார். ஷேடுக்கும் கை துறுதுறுத்தது. மனைவிக்குத் தெரியாமல் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தானே கலக்கி, தானே அடித்தார். முடித்துவிட்டு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கை கழுவினார்.

சாயங்காலம் அந்த அம்மா வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன ஷேடு அண்ணே, விளையாடறீங்களா? கதவு செங்கல் மாதிரி இருக்கு.”

ஷேடு வண்டியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கதவின் மேல் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே கலர். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார், ஒருவேளை கேலி செய்கிறாரோ என்று. அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

“அண்ணே, உங்களுக்குத் தெரியலையா?”

தெரிகிறது, நாளைக்குச் சரி செய்கிறேன் என்று என்னவோ சொல்லி அனுப்பிவிட்டு, டப்பாக்களை வரிசையாக எடுத்து வைத்தார். மூடியில் ஒட்டியிருக்கும் கலரைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பிறகு எழுத்தைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஏழெட்டு டப்பாவில் பாதி தப்பானதும், மீதியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

மனைவி போன் போட, மச்சான் பேரக் குழந்தையைச் சரியாகக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறி வந்தார். வீட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. ரெண்டு தெருவுக்குக் கேட்கிற குரல் அன்றைக்கு எங்கே போயிற்றோ.

“மாப்பிள்ளை, மூணு மாசமா நான்தான் திருத்திட்டு இருந்தேன்.”

இவர் கலக்கி வைத்துவிட்டுப் போன பிறகு, மச்சான் தனியாக உட்கார்ந்து, குச்சியையும் மூடியையும் வைத்துக்கொண்டு, தப்பும் தவறுமாகத் திரும்பத் திரும்பக் கலந்து ஒருவழியாகச் சரியான கலருக்குக் கொண்டுவந்திருக்கிறார். நோயில் கிடந்து எழுந்தவன், கொஞ்ச நாளில் சரியாகிவிடுவான், இப்போது போய்ச் சொன்னால் உடைந்து போவான் என்று நினைத்திருக்கிறார். கண்ணைப் பற்றி நர்ஸம்மா சொன்னது அவருக்குத் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஷேடு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மச்சானுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அந்த வண்டிங்களைப் பாத்துத்தான் மச்சான் என் கண்ணு நல்லாருக்குன்னு நான் நம்பினேன்” என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அந்த அட்டையை எடுத்தார். ஷேடு ஒரு பக்கம் பார்த்தார், அடுத்த பக்கம் பார்த்தார். வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. நர்ஸம்மா அட்டையை மூடி வைத்துவிட்டு, தன்னையே நொந்துகொண்டு, டாக்டரைக் கூப்பிடப் போனார். மூன்று மருந்தில் ஒன்று, எல்லாருக்கும் இல்லை, சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும் என்றார் டாக்டர். சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாக இருந்தால் இன்னும் எளிதில் தாக்கும், இவருக்கு அப்படித்தான் இருக்கிறது. அந்த மருந்தை அன்றே நிறுத்தினார்கள். சேர்ந்த மாத்திரைக்குப் பதிலாக மற்ற இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்து, இதை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள் என்றார்கள். காசநோய் போய்விடும். கண்? தொடக்கத்திலேயே நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும், இது தாமதம், பொறுத்துப் பார்க்கலாம்.

பொறுத்துத்தான் பார்த்தார். வாரங்கள் போயின, சிவப்பு வரவில்லை. மனைவி தன் அண்ணனோடு பேசுவதை நிறுத்தினாள். பிறகு தக்காளியைப் பார்த்துச் சிரித்தவள் தான்தானே என்று நினைத்து அழுதாள். மச்சான் தினமும் பட்டறையைத் திறந்து, யாரோ தூங்குகிற வீட்டில் வேலை செய்வது போல மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் முற்பகலில் ஷேடு பட்டறைக்கு வந்தார். டிரைவிங் ஸ்கூல் அம்மா வேறு எங்கும் கொடுக்காமல் அந்தச் செங்கல் கதவோடேயே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார், அன்றைக்குத்தான் கொண்டுவந்து விட்டிருந்தார். ஷேடு பெட்ரோல் மூடியைக் கழற்றினார். டப்பாவின் எழுத்தைப் படித்துப் படித்து, கைப்பழக்கத்தை நம்பிக் கலக்கினார். குச்சியை மூடியோடு ஒட்டிப் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்கு வந்து, தலையைச் சாய்த்தார். பிறகு இரண்டையும் மச்சான் பக்கம் நீட்டினார்.

“சொல்லு மச்சான்.”

மச்சான் பார்த்தார். சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார்.

“இப்பவும் சொல்ல மாட்டியா?”

“தப்பா இருக்கு மாப்பிள்ளை. ரொம்பத் தப்பா இருக்கு.”

ஷேடு குச்சியை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, வண்டி துடைக்கிற வெள்ளைத் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நோய் வந்தபோதுகூட அவர் அப்படி அழுததில்லை. மச்சான் சுத்தியலைக் கையில் பிடித்தபடியே நின்றார். வெகுநேரம் கழித்து ஷேடு துணியை விலக்கி, அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த மருந்துல கண்ணீர்கூட ஆரஞ்சா வரும்னு நர்ஸம்மா சொன்னாங்க. வந்திருக்கா?”

வெள்ளைத் துணியில் இரண்டு இடத்தில் லேசாகத் தெரிந்தது.

“வந்திருக்கு மாப்பிள்ளை.”

“நிஜமாத்தான் சொல்றியா?” என்று கேட்டார் ஷேடு.