பக்கவலைக்கு ஊதியவர்

என் அப்பா லாசர் கோத்ரியா மார்ச் மாதம் இறந்தார். ரயில் யார்டில் பெட்டிகளை இழுத்துக் கோக்கும் ஷண்டிங் எஞ்சினின் டிரைவர். பொதேனியில் அவர் பெயரைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு விசிலடிப்பார்கள். எங்கள் ஊரில் விசில் பாராட்டு அல்ல. ஆளை விரட்டுவதற்கு அடிப்பது.

செமஃபோருல் கால்பந்து கிளப்பை 1923இல் ஆரம்பித்தவர்கள் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கொதிகலன் வேலை பார்த்தவர்கள். கோல் கம்பங்கள் கொதிகலன் குழாய்கள். முதல் பந்து முதல் வகுப்பு இருக்கையின் தோல். அதை உரித்தவனுக்கு வேலை போனது. மைதானத்துக்கும் யார்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஞாயிற்றுக்கிழமையும் வேலையில் இருந்தவர்களுக்காக ஒரு வழக்கம் வந்தது. நம்மவர்கள் கோல் போட்டால் ஷண்டிங் எஞ்சின் நீளமாக ஊதும். எதிரணி போட்டால் ஊதாது. டிக்கெட் வாங்காதவர்களும் வீட்டிலிருந்தே அந்த ஊதலுக்குக் காத்திருப்பார்கள்.

1974 ஜூனில் கடைசி ஆட்டம். சமன் செய்தால் இரண்டாம் டிவிஷனில் நிற்கலாம். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தது. எஞ்சின் வழக்கமாக நிற்கும் இடத்தில் அன்று மரம் ஏற்றிய வேகன்கள் கிடந்தன. அப்பா எஞ்சினை மைதானத்தின் மூலையில், சுவருக்கு மேலாகப் பார்க்கும்படி நிறுத்தியிருந்தார். முடிவதற்குச் சற்று முன் டித்து க்ரோஸாவ் என்ற முன்கள ஆட்டக்காரன் அடித்தான். வலை குலுங்கியது. அப்பா ஊதினார்.

பந்து பக்கவலையில், வெளிப்புறமாகப் பட்டிருந்தது. டித்து கையைத் தூக்கிக்கொண்டு எஞ்சினை நோக்கி ஓடினான். கோல்கீப்பர் உட்பட மற்றவர்கள் அவன் மேல் விழுந்தார்கள். எதிரணி கோல்கீப்பர் பந்தை வைத்துத் தன் ஆளுக்கு உதைத்தான். எங்கள் பக்கம் தடுக்க யாரும் இல்லை. கோல். கிளப் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது.

நான் ரயில்வேயில் சிக்னல் இன்ஜினியர். பிற்பாடு அந்த மூலையில் ஏணி போட்டு, டிரைவர் கண் இருக்கும் உயரத்தில் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் வலையின் உள்ளும் வெளியும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதை அப்பாவிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "யார் கேப்பா?"

டித்து கோலைத் தவறவிட்டதை ஊர் மறந்தது. ஊதலை மறக்கவில்லை. டிப்போவில் அப்பாவை எஞ்சினிலிருந்து இறக்கி, எஞ்சின் சாம்பலைக் கொட்டும் குழியில் மண்வெட்டியோடு விட்டார்கள். ரொட்டி வரிசையில் அம்மா நின்றால் பின்னாலிருந்து விசில் கேட்கும். அம்மா ஒருமுறை விசில் வைத்த கெட்டில் வாங்கி வந்தார். தண்ணீர் கொதித்து அது விசிலடித்ததும் அப்பா அதை அடுப்பிலிருந்து தூக்கி ஜன்னல் வழியே எறிந்தார். அம்மாவின் கை வெந்தது. அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை.

மைதானத்துக்குள் அவரை விடவில்லை. ஞாயிறுதோறும் தண்டவாளத்தின் மேலிருக்கும் நடைபாலத்தில் நிற்பார். அங்கிருந்து பாதி மைதானம்தான் தெரியும். மறு பாதியில் என்ன நடந்தது என்பதை இன்னொரு டிரைவரின் ஊதல்தான் சொல்லும். அப்புறம் ஒர்க்‌ஷாப்பை மூடினார்கள். இரும்பை எடைக்கு வாங்கியவர் அதே டித்து க்ரோஸாவ். அப்பாவின் எஞ்சினும் அதில் போனது. அந்தப் பணத்தில் கிளப் தலைவரும் ஆனார். அப்பாவின் காதும் போயிற்று. அப்படியும் பாலத்துக்குப் போவார்.

நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். "ஒரு ஆட்டம் உள்ள உக்காந்து பாக்கணும். முழுசா."

கிளப்பின் நூற்றாண்டு ஆட்டம் வந்தது. டித்துவைப் போய்ப் பார்த்தேன்.

"அடடா, இன்ஜினியரம்மா! இதுக்கா தயங்குனே? லாசர் அண்ணன் நம்மாளு. கூட்டிட்டு வா. முதல் வரிசை, என் செலவு."

"யாரும் எதுவும் சொல்லக் கூடாது சார்."

"யாரு சொல்லுவா? அவனவன் பொண்டாட்டி பேரே மறந்து கெடக்கான்."

அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கினேன். பழைய ரயில்வே கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான்கள் தொளதொளத்தன. வாசலில் ஆளுக்கொரு தகர விசில் கொடுத்தார்கள், கிளப் முத்திரையோடு. அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. நூற்றாண்டு நினைவுப் பொருள் என்று நினைத்தேன்.

உட்கார்ந்ததும் அப்பா இரண்டு கோல்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் தெரியுது," என்றார்.

ஒலிபெருக்கியில் டித்துவின் குரல் வந்தது. "அன்பர்களே! அம்பது வருஷத்துக்கு முன்னாடி நம்மள மூணாம் டிவிஷனுக்குக் கொடியசைச்சு அனுப்பி வெச்ச லாசர் அண்ணன் இன்னைக்கு நம்ம கூட இருக்காரு! அண்ணனுக்குக் காது மந்தம். நல்லா ஊதுங்க!"

மைதானம் மொத்தமும் எழுந்து ஊதியது. குழந்தைகளும் ஊதின. அப்பாவுக்கு எல்லாம் கேட்டது. மெஷின் நல்ல மெஷின். அவர் என் மடியைப் பார்த்தார். விசில் அங்கே கிடந்தது.

"உனக்கும் குடுத்தாங்களா?"

நான் எழுந்தேன். "போயிடலாம்ப்பா."

"உக்காரு. ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கல."

மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஊதுவது நிற்கவில்லை. ஓய்ந்தால் பின்வரிசையில் யாராவது திரும்ப ஆரம்பிப்பார்கள். இரண்டாம் பாதியில் எங்கள் டிஃபெண்டர் பையன் ஒருவன் பந்தோடு நின்றுவிட்டான். விசில் கேட்டதும் ரெஃப்ரிதான் ஊதினார் என்று நினைத்து, பந்தைக் கையில் எடுக்கக் குனிந்தான். எதிரணிக்காரன் அவன் காலடியிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய் வலைக்குள் போட்டான்.

விசில்கள் நின்றன. பிறகு பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"இந்தக் கெழவன் உள்ள வந்தா வெளங்குமாடா?"

"லாசரு, எந்திரிச்சுப் போய்யா!"

"மறுபடியும் கவுத்துட்டான்டா!"

அவர் கையில் விசிலே இல்லை. சூரியகாந்தி விதைத் தோல் தலையில் வந்து விழுந்தது. அப்புறம் பியர். காவலாளி வந்து, "அண்ணே, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், கெளம்புங்க," என்றான். அப்பா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். கோட்டில் கடைசிப் பொத்தானும் அறுந்தது. ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது.

காரில் ஏறியதும் கேட்டார்.

"அந்தப் பையன் ஏன் நின்னான்?"

அவர் காதருகே சத்தமாகச் சொன்னேன். "விசில் கேட்டு."

"பாவம். இனிமே அவனை ஊருக்குள்ள நிம்மதியா விட மாட்டாங்க."

"இல்லப்பா. உங்களாலன்னு சொல்றாங்க."

"அப்ப அவன் தப்பிச்சான்," என்றார். அதன்பின் பாலத்துக்கும் போகவில்லை.

கல்லறை ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. கிளப்பிலிருந்து யாரும் வரவில்லை. டிப்போவிலிருந்தும் வரவில்லை. பாதிரியார், நான், பக்கத்து வீட்டு வெடூரியா அக்கா, குழி வெட்டியவர்கள். பெட்டியை இறக்கும்போது ஒரு சரக்கு வண்டி நீளமாக ஊதிக்கொண்டு போனது.

வெடூரியா அக்கா என் கையைப் பிடித்தார். "கேட்டியா? உங்கப்பாவுக்காக ஊதறாங்க."

வளைவுக்கு அப்பால் ஒரு லெவல் கிராசிங் இருக்கிறது. அங்கே எல்லா வண்டியும் ஊத வேண்டும். அப்படிச் சொல்லும் பலகையை நட்டது என் பிரிவு.

"ஆமாக்கா," என்றேன்.