டாக்டரின் உறக்கமும் அத்தானின் மம்பட்டியும்

சென்ற மாதம் பல் பிடுங்க நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் கிடந்த பத்திரிகையில் ஒரு கட்டுரை. பல் பிடுங்குவது, தையல் போடுவது, கட்டி கீறுவது போன்ற சில்லறைச் சிகிச்சைகளில் ஹிப்னாட்டிசம் செய்தால் நோயாளிக்கு வலியும் பதற்றமும் குறையுமாம். ஏதோ நேற்றுக் கண்டுபிடித்ததைப் போல எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஐம்பதுகளின் எல்லைப் போராட்டக் காலத்திலேயே அதற்குப் படுத்து எழுந்தவர்கள்.

அப்போது நான் பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில் ஒரு சிறிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. டாக்டர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். தபாலில் புத்தகம் வரவழைத்து மனோவசியம் படித்திருந்தார். தையல் போடுமுன் நோயாளியைப் படுக்க வைத்து, ஊசி மாட்டிய இடுக்கியின் பளபளக்கும் நுனியை அவன் கண்ணுக்கு மேலே பிடித்து, அதையே பார்க்கச் சொல்லுவார். இன்னும் சற்று நேரத்தில் தன் சதைக்குள் போகவிருக்கும் சாமானைப் பார்த்து ஒருவன் எப்படி நிம்மதி அடைவான் என்று புத்தகத்தில் இருந்ததோ என்னவோ.

பொழியூரிலிருந்து உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறிய மீனவர் ஒருவர் வந்தார். டாக்டர் அவரிடம், அமைதியான கடற்கரையில் அமர்ந்திருப்பதாகவும் அலைகள் ஒவ்வொன்றாக வருவதாகவும் நினைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் பாதியில் எழுந்து உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம், வள்ளத்தில் ஆள் எத்தனை என்று கேட்கத் தொடங்கிவிட்டார். கடலைப் பார்த்து உறங்குகிறவன் கரைக்குத் திரும்ப மாட்டான் என்பது புத்தகம் எழுதியவருக்குத் தெரியாது.

அதையெல்லாம் ஜனங்கள் சிரித்துக்கொண்டு பொறுத்தார்கள். பிறகு எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் முதுகுக் கட்டியைக் கீறிக்கொள்ளப் போய், டாக்டர் வரவைத்த உறக்கத்தில், பக்கத்து விளைத் தோட்டத்தின் எல்லைக்கல்லை ஒரு முழம் தள்ளி நட்டது தான்தான் என்று உளறிவைத்தார். விளைக்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியக் காத்திருந்து அவர் சட்டையைப் பிடித்தார். அன்று முதல் ஊருக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. டாக்டரின் உறக்கத்தில் வாய் உண்மையைத்தான் சொல்லும். படித்தவன், படிக்காதவன், வேதம் ஓதுகிறவன் எல்லோரும் நம்பினார்கள். டாக்டரும் நம்பினார் என்பதுதான் இதில் பெரிய கேவலம்.

இந்த நிலைமையில்தான் உதியன்குளங்கரையில் தமிழ்க் கட்சிக்காரர்களின் கூட்டம் நடந்தது. தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பது கோரிக்கை. என் அக்காவின் கணவர், சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார், போயிருந்தார். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் அந்தக் கூட்டத்தின் பக்கம் தலைகாட்டினால் சஸ்பென்ஷன், விசாரணை, பிறகு வீடு. விதி எனக்கு மனப்பாடம். அவருக்கும் நான் சொல்லியிருந்தேன். அவர் பின்வரிசையில் நின்றதாகச் சொன்னார். போலீஸ் வேன் வளைவில் திரும்பியதுமே, யாரும் இறங்குமுன், ஓட்டம் பிடித்த முதல் ஆள் அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஓடிய வேகத்தில் ஒரு விளையின் முள்கம்பி வேலியைத் தாண்டினார். வலது கெண்டைக்கால் கிழிந்து தொங்கியது. போலீஸ்காரனின் விரல்கூட அவர்மேல் படவில்லை.

காயத்தில் காப்பிப்பொடியை அப்பிக்கொண்டு வீட்டில் கிடந்தவரை, மறுநாள் காலை அக்கா வில்வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். மரச்சீனிக் கிழங்கு தோண்டும்போது மம்பட்டி தட்டியது என்பது வழியில் இருவரும் பேசி வைத்துக்கொண்ட காரணம். நான் அப்படியே எழுதினேன். நோயாளி சொல்வதை எழுதுவது குமாஸ்தாவின் வேலை, நம்புவது அல்ல.

வராந்தா பெஞ்சில் ஏட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு மறுநாள் காயத்தோடு வருகிறவர்களைப் பார்த்து வைக்க ஸ்டேஷனிலிருந்து அனுப்பிய ஹெட் கான்ஸ்டபிள். வெள்ளறடைக்காரர், தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும்.

அத்தான் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார். "எலே, அந்த உறக்கம் எனக்கு வேண்டாம். வல்லதும் உள்ளதச் சொல்லிப்போட்டா வேலை போச்சு. மரத்துப்போற ஊசி போடச் சொல்லு."

ஊசி மருந்து அலமாரியில் இருந்தது. நானே இண்டென்ட் எழுதி வரவழைத்தது. சொன்னேன். டாக்டர் சிரித்தார். நல்ல படிப்பாளிகள்தான் ஹிப்னாட்டிசத்துக்கு எளிதில் வசப்படுவார்கள், வாத்தியாரை விடச் சிறந்த ஆள் ஏது என்றார். அத்தான் ஊசிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க, சத்தம் கேட்டு ஏட்டு கதவருகில் வந்து சாய்ந்து நின்றார்.

"ஒளிக்கதுக்கு ஒண்ணும் இல்லேண்ணா உறங்கதுக்கு என்ன பயம், வாத்தியாரே?"

அதற்குப் பிறகு அத்தான் ஊசி என்ற பேச்சையே எடுக்கவில்லை. படுத்தார். இடுக்கியைப் பார்த்தார். டாக்டர் இருபதிலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தார். பத்துக்கு வருமுன்பே அத்தானின் கண் மூடிவிட்டது. இவ்வளவு அவசரமாக உறங்கிய நோயாளியை டாக்டர் அதுவரை கண்டதில்லை. பூரித்துப்போய், இப்போது மனதுக்குப் பிடித்த இடத்தில் இருக்கிறீர்கள், அங்கே என்ன தெரிகிறது, சொல்லுங்கள் என்றார்.

"மரச்சீனி விளை," என்றார் அத்தான்.

பிறகு வாய் மூடவில்லை. எந்த மூட்டில் கிழங்கு பருத்திருக்கிறது, எதை எலி தின்றது, எலிப்பொந்து தென்னையின் எந்தப் பக்கம், மம்பட்டியின் கை எப்படி ஆடியது, அதற்கு ஆப்பு வைக்க வேண்டும் என்று தான் எத்தனை நாளாக நினைத்திருந்தது, எல்லாம் சொன்னார். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் மம்பட்டியைத் தொட்டு அக்கா பார்த்ததில்லை. வாசலில் நின்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை என்று ஏட்டு நினைத்திருப்பார். டாக்டர் தையல் ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். அத்தானின் கால் அசையவில்லை.

ஏட்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, நேற்று கூட்டத்துக்குப் போனீரா என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். டாக்டருக்குக் கோபம் வந்தது. உறங்குகிறவன் காதில் தன் குரல் மட்டும்தான் விழும், கேட்பதானால் தானே கேட்பேன் என்றார். கேட்கவும் செய்தார். வலி தெரியாமல் தையல் போடப் புறப்பட்ட மனிதர் போலீசுக்காக விசாரணை நடத்துகிறோம் என்ற கூச்சம்கூட இல்லாமல், தாலாட்டுகிற குரலில் கேட்டார்.

நான் வேலையை ராஜினாமா செய்யும் விண்ணப்பத்தின் வாசகத்தை அவருக்காக மனதில் எழுதத் தொடங்கினேன்.

"போகல்ல," என்றார் அத்தான், கண்ணைத் திறக்காமல். "மம்பட்டி கால்ல கெடந்துதே, எப்பிடிப் போவேன்?"

ஏட்டு தொப்பியைத் தலையில் வைத்தார். மூப்பரே எல்லைக்கல்லை ஒப்புக்கொண்ட உறக்கம் அது; அதில் வந்த சொல்லைச் சந்தேகிக்க அவர் யார்? வெளியே இருந்த ஜனத்திடமும் வாத்தியார் மேல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை தப்பியது.

வில்வண்டியில் ஏற்றும்போது வலித்ததா என்று கேட்டேன்.

"எலிப்பொந்த எந்தப் பக்கம் சொன்னேன் எண்ணு மறந்துபோச்சுண்ணா அந்த ஏட்டு பிடிச்சுப்போடுவானே மக்கா. அந்தப் பயத்துல, வெப்ராளத்துல தையல் ஊசி எப்ப ஏறிச்சு எண்ணே தெரியல்ல."

மனம் வேறு ஒன்றில் முழுவதுமாக மாட்டிக்கொண்டால் வலி பின்னால் போய்விடும் என்றுதான் அந்தப் பத்திரிகைக் கட்டுரையும் சொல்கிறது. ஆக, டாக்டரின் வித்தை பலித்துத்தான் இருக்கிறது. அவரிடம் இதை நான் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு ஏற்கெனவே இருந்த கர்வம் போதும்.

சொல்லாமலே அது வளர்ந்தது. அடுத்த இண்டென்டில் மரத்துப்போகும் ஊசியை அவரே கோடு போட்டு அடித்தார். கட்டியோடு வந்தவன், விரல் நசுங்கி வந்தவன், எவன் ஊசி கேட்டாலும், வாத்தியார் உறங்கினாரே, உமக்கென்ன என்பதுதான் பதில். அவர் மாற்றலாகிப் போகும்வரை பாறசாலை வட்டாரம் பச்சை மாமிசத்தில் தையல் வாங்கியது. கடைத்தெருவில் எல்லோரும் அத்தானைத் திட்டினார்கள். உறங்கவே இல்லை என்று சொன்னால் வேலை போய்விடும்; கேட்டுக்கொண்டு நடந்தார்.

பிறகு எல்லை கிழிக்கப்பட்டது. எங்கள் பக்கம் கேரளத்தோடு நின்றுவிட்டது. அமரவிளையில் செக்போஸ்ட் வந்தது. நெடுங்காலம் கழித்து, போராட்டத்தில் அடிபட்டவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் கூட்டம் ஒன்று களியக்காவிளையில் நடந்தது. அத்தான் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். சர்க்கார் இனி அவரை ஒன்றும் செய்ய முடியாது. என்னையும் அழைத்துக்கொண்டு போனார். மேடைக்குக் கீழே நின்றபடி வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டி, உதியன்குளங்கரையில் வாங்கிய லாத்தி அடி என்றார்.

அந்த நாளில் அத்தானின் புண்ணியத்தில் தொடைக் கட்டியை ஊசி இல்லாமல் கீறிக்கொண்ட ஒருவர் முன்வரிசையில் இருந்தார். அவர் எழுந்தார்.

"வாத்தியாரே, அண்ணு உறக்கத்துல நீங்க சொன்னது மம்பட்டியாக்கும். நான் வராந்தாவுல நிண்ணு கேட்டேன். உறக்கத்துல ஆரும் பொய் சொல்ல மாட்டாவ."

நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். அத்தான் என்னைப் பார்த்தார். முள்கம்பி என்று நான் சொல்லியிருக்கலாம். அதனால் யாருக்கு என்ன லாபம்? நோயாளி இப்போது லாத்தி என்கிறார், அப்போது மம்பட்டி என்றார் என்று மட்டும் சொன்னேன்.

பொன்னாடை அடுத்த ஆளுக்குப் போயிற்று. அத்தான் வேட்டியை இறக்கிவிட்டார். "மம்பட்டி பட்டது அதுக்கு முந்தின வருசம்," என்றார். யாரும் கேட்கவில்லை, தேநீர் வந்துவிட்டது.