இடப்பக்கக் கண்ணாடி

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. பார்த்தவள் நான். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை, பயந்த சுபாவமும் கிடையாது. ராமநாதபுரத்தில் பல வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பிரேக் எது கிளட்ச் எது என்று தெரியாதவன் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து போகிறவளுக்குப் பயம் எங்கிருந்து வரும்?

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. உச்சி வெயில். தனுஷ்கோடி ரோடு. சாட்சிக்கு என் தம்பி இருந்தான். ஆனால் அவன் வாயைத் திறக்க மாட்டான். அதுதான் இன்றைக்கும் எனக்குக் கசக்கிறது.

என் பெயர் ஜெயசுதா. தம்பி காளிராஜ். சொந்த ஊர் அபிராமம். அய்யா போனபிறகு எங்கள் மானாவாரி நிலத்தை சோலார் போடுகிறவர்கள் கேட்டார்கள். தம்பி பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

"கையெழுத்துப் போடுக்கா. உன் ஸ்கூலுக்குப் புது வண்டி எடுத்துத் தாரேன்."

போட்டேன். வண்டி வரவில்லை. கியர் மாற்றினால் இருமுகிற அதே பழைய வண்டியில்தான் இன்றைக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அவன் மனசில் இருந்தது வேறு வண்டி. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனி பெயர் வேண்டாம். வண்டியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கரும்பச்சை நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். நீளமான மூக்கு. இரண்டு கதவு, இரண்டே சீட். செகண்ட் ஹேண்டில் மண்டபத்தில் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கும் கார் பைத்தியம் உண்டு. அவனுக்கும் எனக்கும் நடுவில் மிச்சமிருந்த பேச்சே அது ஒன்றுதான். அதனால் காஜா நவாஸின் ஒர்க் ஷாப்பில் மூன்று பேரும் உட்கார்ந்து அந்த வண்டியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினோம். காஜா தம்பியின் கூட்டாளி. துபாயில் இந்த மாதிரி வண்டிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவன்.

"ஸ்டார்ட் பண்ணுனா அடிவயித்துல தெரியும்க்கா. மத்த வண்டியெல்லாம் மிஷினு. இதுக்கு உசுரு இருக்கும்," என்றான் காஜா.

"அடிவயித்துல தெரியட்டும். வண்டிக்கு அடியில எவ்வளவு இடம் இருக்கு? நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறுமா?"

"சாய்ச்சு ஏத்தணும்."

"ஒவ்வொண்ணுலயுமா?"

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டின்னா மூட்டை ஏத்துறதுக்கு மட்டுந்தானாக்கா? ரோட்டுல போனா நாலு பேரு நின்னு பாக்கணும். அதுக்குத்தான் அந்த வண்டி."

"உப்புக்காத்து?"

"அலுமினிய பாடி. துரு ஏறாது. ஆனா பெயின்ட்டு கொப்புளம் போடும்," என்று காஜா உண்மையைச் சொன்னான். "ஒரு சாமான் போச்சுன்னா சென்னைலேர்ந்து வரணும். அங்கயும் இல்லன்னா சீமையிலேர்ந்துதான். ஓட்டுறப்ப பின்னாடி என்ன இருக்குன்னும் தெரியாது. அதுக்குத்தான் ரிவர்ஸ் போட்டா இடப்பக்கக் கண்ணாடி தன்னால கீழ குனியும். பின் சக்கரத்தையும் தரையையும் மட்டும் காட்டும். கியர மாத்துனா நிமிர்ந்துரும்."

எல்லாக் குறையையும் கேட்டபிறகும் என் மனசு அந்த வண்டிப் பக்கம்தான் சாய்ந்தது. அதை ஒத்துக்கொள்ள எரிச்சலாக இருந்தது. என் நிலம் விற்ற காசில் ஓடப்போகிற வண்டி அல்லவா அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் மண்டபம் போனோம். கடலோரம் ஒரு வீடு. பின்னால் தகர ஷெட். ஓனர் வரவில்லை. புரோக்கர் மலையாண்டி மட்டும் நின்றிருந்தார். உறையை எடுத்ததும் எனக்கே மூச்சு நின்றது. அவ்வளவு அழகு.

ஒன்றை மட்டும் கவனித்தேன். இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு பழைய காலுறையை மாட்டி, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது எதுக்கு?"

"குருவி கொத்துதும்மா."

"வலப்பக்கம் கொத்தாதா?"

மலையாண்டி கேட்காத மாதிரி சாவியைத் தம்பி கையில் போட்டார். சணலை நானே அவிழ்த்தேன்.

"நீ ஓட்டுக்கா. நீ சரின்னா எனக்குச் சரி," என்றான் தம்பி. பத்திரத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பாசமாகச் சொன்ன முதல் வார்த்தை. அதுவே கடைசியும்.

பாம்பன் பாலத்தில் ஏறினோம். காஜா சொன்னது பொய்யில்லை. அந்தச் சத்தம் அடிவயிற்றில்தான் கேட்டது. இரண்டு பக்கமும் நீலக் கடல். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். தம்பி சின்னப் பையனைப் போலச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நிலமும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. ஓரிடத்தில் ரோட்டை விட்டு இறங்கி இறுகிய மணலில் நிறுத்தச் சொன்னான். போட்டோ எடுக்க வேண்டுமாம். இறங்கி, வண்டிக்கு முன்னால் தூரமாகப் போய் நின்று போனைத் தூக்கினான்.

"கொஞ்சம் பின்னாடி எடுக்கா! கடலு விழணும்!" என்று கத்தினான்.

ரிவர்ஸ் போட்டேன்.

இடப்பக்கக் கண்ணாடி மெதுவாகக் குனிந்தது. ஸ்ஸ்ஸ்... என்று சின்ன மோட்டார் சத்தம். பின் சக்கரம் தெரிந்தது. மணல் தெரிந்தது.

இரண்டு கால் தெரிந்தது.

குழந்தையின் கால். ஐந்து ஆறு வயது இருக்கும். வெறுங்கால். சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால், விரல்கள் வண்டியைப் பார்த்தபடி.

பிரேக்கை மிதித்தேன். டூரிஸ்டாக வந்த குடும்பத்துப் பிள்ளை என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். காஜா சொன்னது போலப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தேன். வண்டி ஏதும் நிற்கவில்லை. குடும்பம் ஏதும் இல்லை. வெள்ளை மணலும் வெயிலும்தான்.

கியரைப் பார்க்கிங்கில் போட்டேன். கண்ணாடி நிமிர்ந்தது. இறங்கி, வண்டியைச் சுற்றி வந்தேன். யாரும் இல்லை. வண்டிக்குப் பின்னால் மணலில் என் செருப்புத் தடம் மட்டும்.

வெயில் என்று சொல்லிக்கொண்டேன். திரும்ப ஏறி ரிவர்ஸ் போட்டேன்.

ஸ்ஸ்ஸ்...

கால் இருந்தது.

இப்போது சக்கரத்துக்குப் பக்கத்தில்.

அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது. மணல் தரையோடு தரையாகப் பாம்பு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு கல் இருந்தால்கூட அதில் மோதிப் பிரிந்துதான் ஓடும். அந்தக் கால்களில் மணல் மோதவில்லை. பிரியவில்லை. ஊடாகப் போனது.

நிழல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஆனால் உச்சி வெயிலில் யாருக்குத்தான் நிழல் இருக்கிறது?

டிக்... டிக்... டிக்...

பின்னால் ஏதோ இருந்தால் அடிக்கிற சென்சார்.

டிக் டிக் டிக் டிக்...

அப்புறம் நிற்காமல் ஒரே சத்தம். வண்டி நகரவே இல்லை. என் கால் பிரேக்கில்தான் இருந்தது.

கண்ணை எடுக்க முடியவில்லை. கண்ணாடியில் சக்கரத்துப் பக்கம் காலியாக இருந்தது. கால்கள் கதவுப் பக்கம் வந்திருந்தன. இடது கதவு.

குதிகால் மெல்ல உயர்ந்தது. சின்னப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க எக்குமே... அப்படி.

ஜன்னல் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம். முடியவில்லை.

விரல் நுனி மட்டும் மணலில் நின்றது.

பிறகு அதுவும் இல்லை.

சென்சார் நின்றது.

அமைதி.

டிங்...

டிங்...

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. டேஷ்போர்டில் சிவப்பாக அந்தப் படம் எரிந்தது.

டிங்...

அந்த சீட்டில் யாரும் இல்லை.

கதவு திறந்தது. கத்திவிட்டேன்.

தம்பி.

"என்னக்கா, பின்னாடி எடுன்னா எடுக்கவே மாட்டேங்குற?" என்று கேட்டபடி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது. "சீட்டு என்ன இவ்வளவு ஜில்லுன்னு கிடக்கு? ஏசியக் குறை."

வெயில் நேராக அந்த சீட்டின் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

நேராக மண்டபத்துக்கு விட்டேன். வழியில் எங்கேயும் ரிவர்ஸ் எடுக்கவில்லை. ஷெட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"காளி, இது வேண்டாம்டா."

"ஏன்? என்னாச்சு?"

சொன்னேன். கண்ணாடியில் கால் தெரிந்ததைச் சொன்னேன். அவன் மகள் கவிப்ரியாவுக்கு ஐந்து வயது. அதையும் சொன்னேன். "வீட்டுல சின்னப் புள்ளைய வச்சுக்கிட்டு இந்த வண்டிய உள்ள கொண்டாராதடா."

மணி அடித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் முகம் மாறிவிட்டது.

"ஸ்பீடு பிரேக்கருன்ன. உப்புக்காத்துன்ன. ஒண்ணும் எடுபடல. இப்பப் பேயி வந்துருச்சா?"

"ஏலே, நான் பாத்தேன்டா..."

"நீ எதைப் பாத்தன்னு எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட அன்னைக்கே உனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. வேற ஒண்ணுமில்ல."

மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டார். தம்பி அவனே ஏறி, ரிவர்ஸில் ஷெட்டுக்குள் விட்டான். அவனுக்குக் கண்ணாடி வெறும் தரையைத்தான் காட்டியதாம். இறங்கி வந்து, "எங்க, உன் பேயி?" என்று கேட்டான்.

நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே வண்டியை வாங்கிவிட்டான். அவன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. வயிறு எரிந்தது உண்மைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்காக ஒருத்தி இல்லாத பிள்ளையின் காலைப் பார்ப்பாளா?

ஐப்பசி மழை தொடங்கியிருந்தபோது காஜா கூப்பிட்டான். குரல் சரியில்லை.

"அக்கா, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான். ஆனா மனசு கேக்கல. வண்டி வாங்கி பத்து நாள் இருக்கும். காளி ஒர்க் ஷாப்புக்கு வந்தான். இடப்பக்கக் கண்ணாடில மோட்டாரைக் கழட்டுன்னான். கழட்டுனேன். கண்ணாடி ஆடக் கூடாது, பசை போட்டு ஒட்டுன்னான். ஒட்டுனேன். 'ஏன்டா'ன்னேன். 'குனியக் கூடாது'ன்னான். அவ்வளவுதான்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"புரோக்கர்ட்டயும் விசாரிச்சேன்க்கா. நீ புள்ள காலைப் பாத்ததை அவருதான் சொன்னாரு. ஆனா ஓனருக்குக் கல்யாணமே ஆகல. வண்டி யாரையும் இடிச்சதில்ல, ஒரு கேஸ் இல்ல. அல்லா மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல."

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனேன். ரோஷம் பார்க்கிற நேரமா அது? கவிப்ரியா "அத்தை!" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கிக்கொண்டேன். உயிரோடு, சூடாக இருந்தாள். அதுவே போதும் என்றிருந்தது.

வீட்டின் பக்கவாட்டில் வண்டி நின்றது. தம்பி குழாய் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"ஏலே காளி. நீயும் பாத்தியா?"

தண்ணீரை நிறுத்தினான்.

"வித்துத் தொலைடா."

"வாங்க வந்தாங்க. ஓட்டிப் பாக்கக் குடுத்தேன். திரும்பி வந்து சாவியக் கையில கூடக் குடுக்கல. பானெட்டு மேல வச்சுட்டுப் போயிட்டாங்க."

"அப்ப ஓட்டாத. ஒரு ஓரமாப் போட்டுரு."

"போட்டு வச்சா ராத்திரியில ஹாரன் அடிக்குதுக்கா. ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனா அடங்கிருது."

கூட்டிக்கொண்டு போனால் என்று சொன்னான். யாரை என்று நான் கேட்கவில்லை.

இடுப்பில் இருந்த கவிப்ரியா, "அப்பா, என்னையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போப்பா," என்று கையை நீட்டினாள்.

"கிட்ட வராத!" என்று கத்தினான் தம்பி. பிள்ளை அழுதுவிட்டாள். அவன் குரல் உடனே தணிந்தது. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"இதுல இடமில்லக்கா."

அப்போதுதான் உள்ளே பார்த்தேன்.

பக்கத்து சீட்டில் பெல்ட் மாட்டியிருந்தது. காலி சீட்டுக்கு மாட்டினால் பெல்ட் தளர்ந்துபோய் சீட்டோடு படிந்து கிடக்கும். தினமும் வண்டியில் உட்காருகிற எனக்குத் தெரியாதா?

அது படியவில்லை.

சீட்டை விட்டு விலகி, விறைப்பாக நின்றது.

ஒரு சின்னப் பிள்ளையின் நெஞ்சு அகலத்துக்கு.